பதிவிலிருந்து நீக்குக

விதி ஒன்பது:
சொல் அல்லாத ஒலிகளை அடைப்புக்குறிக்குள் இடுக.

உலான்பாத்தர் நிர்வாக நீதிமன்றத்தில்
பதினோரு ஆண்டுகளாகத் தட்டச்சு செய்கிறேன்.
[அழுகை] எத்தனையோ இட்டிருக்கிறேன்.
[சிரிப்பு] இரண்டே முறை,
இரண்டும் வழக்கறிஞர்களுடையவை.

ஜனவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
மணி பத்தாகியும்
எதிர்ச்சாரி வங்கிக் கட்டடம் கண்ணுக்கு வரவில்லை.
புகை அதை இன்னும் திருப்பித் தரவில்லை.

வாதிகள் ஏழு பேர். மூத்தவனுக்குப் பதினெட்டு.
குளிரங்கிகளைக் கழற்றியதும்
அறை முழுக்க நிலக்கரி வாடை.
அமைச்சகத்தின் வழக்கறிஞர்
தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.
நாற்காலி நகர்வதற்கு விதியில் இடமில்லை.

எங்கூன் எழுந்தாள். வயது பதினைந்து.

"நானூற்றுப் பன்னிரண்டு ஆடுகள் இருந்தன.
அந்தக் குளிர்காலத்தின் நடுவில் மழை பெய்தது. [இருமல்]
பனி இல்லை ஐயா, மழை.
மறுநாள் அது உறைந்தது.
புல் கண்ணாடிக்கு அடியில் பச்சையாகத் தெரிந்தது.
ஆடுகள் கண்ணாடியை நக்கின."

குளம்பால் உடைக்க முடியாத அந்தப் பனிக்கு
இரும்பு ஸுட் என்று எங்களிடம் பெயர் உண்டு.
முன்பு எப்போதோ வரும்.
இப்போது பெயர் சொல்லி முடிப்பதற்குள் வருகிறது.

"பத்தொன்பது மிஞ்சின. விற்றோம்.
பயான்கோஷூ மேட்டில் கூடாரம் அடித்தோம்.
நிலக்கரி வாங்கினோம். [இருமல்] [இருமல்]
வேறென்ன வாங்க முடியும், சொல்லுங்கள்.
பிப்ரவரியில் தம்பி பிறந்தான்."

அதற்குமேல் தம்பியைப் பற்றி அவள் பேசவில்லை.
சான்று எண் பதினான்கு பேசியது:
நிமோனியா. நாற்பத்தாறு நாட்கள்.
ஒரு கட்டிலுக்கு இரண்டு குழந்தைகள்.

வழக்கறிஞர் மென்மையாகத்தான் கேட்டார்:
"அடுப்பு யாருடையது?"
"எங்களுடையது."
"தீ மூட்டியது?"
"என் அம்மா."
"வேறு கேள்வி இல்லை."

அப்போது தெமூலென், அந்த மூத்தவன்,
பையிலிருந்து ஒரு வெற்றுச் சாக்கை எடுத்து
மேஜைமேல் உதறினான்.
கரித்தூள் என் விசைப்பலகை வரை வந்தது.
சாக்கின் முகப்பில் நீல மையில்
அமைச்சகத்தின் முத்திரை.
மானிய விலை. இருபத்தைந்து கிலோ.
அவன் ஒன்றும் சொல்லவில்லை,
ஆகவே நான் ஒன்றும் தட்டவில்லை.

மதியத்துக்குப் பின் ஓர் ஆட்சேபம்.
"பதிவேட்டில் அறுபத்துமூன்று இருமல்கள்.
இருமல் சாட்சியம் ஆகாது.
படிப்பவர் மனத்தைக் கலைக்கும்."
நீதிபதி தாளைப் புரட்டினார்.
நீக்கலாம் என்றார்.
என்று சொல்லி முடிப்பதற்குள்
கைக்குட்டையைத் தேடினார்.

யாரும் சிரிக்கவில்லை.
ஏழு பிள்ளைகளும் தண்ணீர் ஜாடியைத்தான் பார்த்தார்கள்,
அவருக்கு எட்டுமா என்று.

அறுபத்துநான்கு.

அடுத்த வாய்தா மே மாதம்.
மே மாதத்தில் இந்த ஊர் வானம்
துடைத்து வைத்த தட்டு போல இருக்கும்.
அது அவர்களுக்கும் தெரியும்.

எல்லோரும் போனபின் நீக்க உட்கார்ந்தேன்.
ஒவ்வொன்றுக்கும் கணினி கேட்கிறது: உறுதியா?
ஆம். உறுதியா? ஆம்.
வீட்டில் என் மகள் இந்நேரம்
நெபுலைசர் முகமூடியை மாட்டிக்கொண்டு
ஒரு கையால் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள்.
உறுதியா?

சொல்லை நீக்கச் சொன்னார்கள். நீக்கினேன்.
அடைப்புக்குறிகளைப் பற்றி
ஆணையில் ஒரு வரியும் இல்லை.

மழை பெய்தது. [   ]
நிலக்கரி வாங்கினோம். [   ] [   ]
தம்பி பிறந்தான்.

பக்கம் பக்கமாக
காற்றுக்காகத் திறந்த சின்ன விலாக்கூடுகள்.
அறுபத்துநான்காவதை மட்டும்
சற்று அகலமாக விட்டிருக்கிறேன்.