எய்னோவுக்கு, நான் அனுப்பாத பத்துப் பேர் சார்பாக

காலை ஐந்தே முக்காலுக்கு வந்தது உன் செய்தி.
ஒரு கழுகு, ஒரு கொடி,
நடுவே தீப்பிடித்த மாதிரி எழுத்து:
"கதவைச் சாத்துவோம்.
உலகம் தன் சண்டையைத் தானே போட்டுக்கொள்ளட்டும்.
இரண்டு பெருங்கடல்கள் நமக்கு அகழி.
உண்மையான தேசபக்தர் இதைப் பத்துப் பேருக்கு அனுப்புவார்."

நான் அனுப்பவில்லை, எய்னோ.
ஒருவருக்கும்.

உன் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.
டேல் இன்னும் கராஜில்தான் படுக்கிறான்,
இரும்புக் கதவுக்கு முதுகைக் கொடுத்து.
எந்த ஊரைக் காக்கப் போனானோ
அந்த ஊரின் பெயர்
அவனை அனுப்பியவர்கள் வாயில் நுழையவே இல்லை.
அந்தக் கோபம் உனக்கு மட்டும் சொந்தமில்லை.
இன்னொரு பிள்ளையை அப்படி அனுப்பாதே என்று
கையெழுத்து வேட்டைக்குக் கிளம்பு,
முதல் பெயராக என்னுடையதைப் போடு.

ஆனால் அகழி என்றாயே,
அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

முப்பத்தோரு வருஷம் டுலூத் துறைமுகத்தில்
கோதுமை எடைபோட்டவள் நான்.
கடல் கிடக்கிறது இரண்டாயிரம் மைலுக்கு அப்பால்.
ஆனாலும் தூக்குப்பாலம் எழும்,
ஊதல் நீளமாய் ஒருமுறை, குட்டையாய் இருமுறை,
விலாவெல்லாம் உப்புக்கறையோடு
ஒரு கப்பல் உள்ளே நுழையும்.
எனக்குக் கடல் என்றால் ரோடு.
கொஞ்சம் ஈரமான ரோடு, அவ்வளவுதான்.

அந்த ரோட்டில் ஒருமுறை போலந்துச் சமையல்காரர் ஒருவர்
பல்வலியோடு வந்து இறங்கினார்.
பாஷை இல்லை. கன்னத்தைக் காட்டினார்.
லெம்பிதான் காரில் கூட்டிப்போனாள்,
என் தங்கை, உன் லெம்பி.
மறுவருஷம் அதே கப்பலில்
அவளுக்கென்று ஒரு ஜாடி காளான் ஊறுகாய் வந்தது.
அதற்கடுத்த வருஷமும்.
அவள் போய்ச் சேர்ந்த பிறகும் ஒன்று வந்ததே,
நீதான் வாங்கி வைத்தாய்.
தின்றாயா அதை?
இன்றுவரை நான் கேட்டதில்லை.

கண்ணை மூடிக்கொண்ட பூனைக்குத்தான் உலகம் இருட்டு.
எலிக்கு அப்போதும் பட்டப்பகல்.

இன்னொன்றும் இருக்கிறது,
சொன்னால் உனக்குப் பிடிக்காது.

போன பிப்ரவரி.
மீன்பிடிக் குடிசை, தெர்மாஸ், ரேடியோ சகிதம்
நீ உட்கார்ந்திருந்த பனிப்பாளம்
காற்று திரும்பியதும் சத்தமில்லாமல் கழன்றுகொண்டது.
ஒரு மணிநேரம் தெரியவே இல்லை என்றாய்.
காலடி கெட்டியாகத்தான் இருந்தது,
காபி சூடாகத்தான் இருந்தது,
கரைதான் ஏனோ சிறுத்துக்கொண்டே போனது என்றாய்.

இந்தச் செய்தியை எழுதியவர் யாரோ.
அவருக்கும் கரைதான் சிறுத்துத் தெரிகிறது போல.

உன்னை மீட்டது யார்?
விசிறி வைத்த படகில் எதிர்க்கரையிலிருந்து வந்த
விஸ்கான்சின் பையன்கள் மூன்று பேர்.
ஒருவன் மோங் வீட்டுப் பிள்ளை,
தன் கையுறையைக் கழற்றி உனக்கு மாட்டினானாம்.
இதை நீயேதான் சொன்னாய்,
லெம்பியின் நாற்காலியில் உட்கார்ந்து,
பற்கள் கிடுகிடுக்க.
பாளம் எந்த எல்லையில் மிதக்கிறது என்று
அவர்களில் ஒருவனும் வரைபடம் விரிக்கவில்லை.

போருக்குப் போகாதே என்பது வேறு,
படகை அவிழ்க்காதே என்பது வேறு.
இரண்டையும் ஒரே கழுகின் காலில் கட்டி
உன்னிடம் அனுப்பிவிட்டார்கள்.
உன் துக்கத்தின் விலாசம்
அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

இதற்கு நீ கட்டைவிரல் படம் போடப்போவதில்லை.
மூன்று நாள் பேசமாட்டாய்.
பேசாதே.
ஞாயிற்றுக்கிழமை மீன் பொரிக்கிறேன்,
டேலையும் கூட்டிக்கொண்டு வா,
அந்த ஜாடி இன்னும் இருந்தால் அதையும்.
தட்டுக்கு மேலே சத்தம்போட்டுச் சண்டை பிடிக்கலாம்.

அதற்கு முன்னால் ஒன்று:
விரிகுடாவில் பனி இன்னும் நாலு அங்குலம்தானாம்.
சனிக்கிழமை
அந்தப் பக்கம் போய்விடாதே.