முப்பது ஈயக்குண்டுகள்

சபையின் கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது.
முதல் வரி: மண்ணெண்ணெய்த் தகரம் நாலு,
ரோமாபுரித் தலைக்கவசத்துக்கு.
அதற்கடியில்: நெற்றிக் காயத்துக்கு மருந்து, எட்டணா.

தொண்ணூற்றொன்று வரைக்கும்
பாம்பன் பாஸ்காவில்
மாதாவுக்கும் மீசை மழிக்க வேண்டியிருந்தது.
பாசி பறிக்கிற கித்தேரி
"வெரோணிக்காளா நான் நிக்கிறேன்" என்று வந்த அன்று
சாமியார் மூன்று தரம் கண்ணாடியைத் துடைத்தார்.

யூதாசுக்குத்தான் ஆள் கிடைக்காது.
வேஷம் கட்டினவன் வலையில் மீன் ஏறாதாம்.
பஸ்தியான் பதினேழு வருஷமாய்க் கட்டுகிறான்.
தன் வலையிலேயே அவிழ்த்த ஈயக்குண்டு முப்பது
அவன் பையில் குலுங்கும்.
உயிர்ப்பு முடிந்த மறுநாள்
எண்ணி எண்ணித் திரும்பக் கோப்பான்.

இந்த வருஷம் பிலாத்து இல்லை.
எல்லை தாண்டினான் என்று எமரிட்டனை
யாழ்ப்பாணத்தில் அடைத்திருக்கிறார்கள்.
தீர்ப்பை நான் திரைக்குப் பின்னாலிருந்து வாசித்தேன்.
மேடையில் செம்பும் தண்ணீரும் இருந்தன,
கை கழுவ ஆளில்லை.
"இது அப்பா குரலில்ல"
முன்வரிசையில் அவன் மகள் சொன்னது
மைக்கிலும் கேட்டது.

அடுத்து யூதாஸ் நாண்டுகொள்ள வேண்டும்.
கயிறு கட்டித் தயார்.
பஸ்தியான் மேடையை விட்டு இறங்கினான்.
வசனம் இல்லாத இடம் அது,
நான் ஏட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன்,
அவன் பாயில் உட்கார்ந்த சனத்துக்குள் புகுந்து
பையை விரித்து நீட்டிக்கொண்டே போகிறான்.
சேவகர்கள் ஈட்டியைச் சாய்த்துவிட்டு
மடியைத் தடவினார்கள்.

இன்றைய வரவு:
யூதாஸ் பையில் பதினோராயிரத்து நாற்பது.
செலவு: வக்கீலுக்கு, அதே.
ஈயக்குண்டு இருபத்தொன்பது.
ஒன்று குறைகிறது.