பின்னிருக்கையில் யாருமில்லை

குஹ்மோவில் நவம்பர் என்றால்
மூன்றரை மணிக்கே இருட்டு.
எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு வண்டிகள்
விளக்கெரிய வரும், விளக்கெரியப் போகும்.
பதினேழு வருடமாக நான் சம்பளத்துக்குப் பார்ப்பது
பெரும்பாலும் வெளிச்சத்தைத்தான்.

ஆத்தோஸின் ஸ்டேஷன் வேகன்
வாசல் விளிம்பில் வயிறு உரசி உள்ளே வந்தது.
புது ஸ்பிரிங். நாற்பது மில்லிமீட்டர் இறக்கியிருக்கிறான்.
"நல்லா இருக்கில்ல?"
இருந்தது. பொய் சொல்வானேன்.
பாயப்போகிற பூனை மாதிரி
தரையோடு பதுங்கியிருந்தது.

தண்டவாளத்தில் பெட்டியைத் தள்ளிவந்து
ஹெட்லைட்டுக்கு முன்னால் நிறுத்திக் குனிந்தேன்.
பத்து மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் இறங்கலாம்.
இவனுடையது இருபத்தைந்து.
அறுபது மீட்டர் போகவேண்டிய வெளிச்சம்
இருபத்து நாலில்
தடுக்கி விழுந்து கிடந்தது.

"ராத்திரி ஓட்டும்போது தெரியலையா?"
"மூடுபனின்னு நினைச்சேன்."

பின் ஆக்சிலில் ஒரு சிறு கை இருக்கிறது என்றேன்.
விரல் நீளத் தண்டு, அதன் முனையில் சென்சார்.
பின்னால் பாரம் ஏறினால் முன்னால் மூக்கு நிமிரும்.
மூக்கோடு பார்வையும் நிமிர்ந்தால்
எதிரே வருகிறவனுக்குக் கண் போச்சு.
அதனால் அந்தக் கை கனத்தை உணர்ந்த உடனே
விளக்கிடம் சொல்லும்: தலையைக் குனி.
நீ வண்டியை இறக்கினாய்.
கைக்கு எப்படித் தெரியும் அது அழகுக்கு என்று?
உன் பின்னிருக்கையில் மூன்று பேர்
ஏறி உட்கார்ந்திருப்பதாக
அது இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறது.

திரும்பிப் பார்த்தான்.
ஒற்றைக் கையுறை ஒன்று கிடந்தது.

நீளம் திருத்துகிற தண்டு கிடைக்கும், மாட்டு,
பிறகு கணினியில் இதுதான் உன் புதுச் சமநிலை என்று
வண்டிக்குச் சொல்லிக்கொடு என்றேன்.
தலையாட்டினான். ஃபெயில் போட்டு அனுப்பினேன்.

வியாழக்கிழமை வந்தான். திரையில் கோடு
கச்சிதமாகப் பத்தில் நின்றது.
குழியில் இறங்கிப் பார்த்திருக்கலாம்.
வாசலில் ஆறு வண்டி காத்திருந்தது,
எனக்கு முட்டிவலி.
முத்திரை குத்தினேன்.

சனி இரவு, காயானி சாலை.
வளைவில் ஒரு வெளிச்சம் எழுந்தது.
சாலையை விட்டுவிட்டுப்
பைன் மரங்களின் உச்சியைத் துழாவியது,
அப்புறம் நேராக என் முகத்துக்கு வந்தது.
வெள்ளை. வெறும் வெள்ளை.
பிரேக்கை மிதித்தேன். சக்கரம் வழுக்கி
ஓரப் பனிமேட்டில் மூக்கைக் குத்தி நின்றது.

ஓடிவந்தவன் ஆத்தோஸ்.
அவன் பின்னிருக்கையில் மூன்று பேர்,
நிஜமான மூன்று பேர், பெருத்த தோள்கள்,
டிக்கி கொள்ளாமல் ஹாக்கி மூட்டைகள்.
பின்பக்கம் சாலையில் உட்கார்ந்திருந்தது,
முன்பக்கம் வானம் பார்த்தது.

யாருமில்லாதபோது ஆள் இருப்பதாகச் சொன்ன கை
இன்று வாய் திறக்கவில்லை.
பனியில் மல்லாந்து டார்ச் அடித்தேன்.
சரியான கோணத்தில் பிடித்து
பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கக் கட்டியிருந்தான்.

"தண்டு வர பத்து நாள் ஆகும்னாங்க," என்றான்.
நான் எதுவும் கேட்கவில்லை.
கத்தியை நீட்டினேன். அவனே அறுத்தான்.

உள்ளே மோட்டார் முனகியது.
இரண்டு விளக்கும் மெல்ல மெல்லக் குனிந்து
பம்பருக்கு முன்னால் ஒரு பாய் அளவுக்கு
வெளிச்சம் விரித்தன. அதற்கு மேல் போகவில்லை.

அந்த நாலு பேரும் என் காரைத் தள்ளி ஏற்றினார்கள்.
வந்த வழியே திருப்பினேன்.
நான் முன்னால், அவன் பின்னால்,
நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்வரைக்கும்.
கண்ணாடியில் அவன் விளக்குகள் என்னைப் பார்க்கவே இல்லை.

கையுறைப் பெட்டியில் அவன் சான்றிதழ் இருந்திருக்கும்.
ஹெட்லைட்: சரி.
கீழே என் கையெழுத்து,
தெளிவாக, படிக்கிற மாதிரி.