பூச்சிப்பல்

குவைத் வெள்ளிச் சந்தை,
பறவைக் கடைகளின் கடைசி வரிசை.
மிஸ்ரிக்காரன் ஒருவன்
டப்பாவை என் காதருகே குலுக்கி
"தூத்" என்றான்.
அரபியில் புழு.
என் ஊர்ப் பெயரில் பாதி.
மீதியையும் சொல்லிவிடுவானோ என்று
ஒரு கணம் அவன் வாயையே பார்த்தேன்.

டப்பா ஒன்றரை தினார். வாரம் ஒன்று.
தலாலின் ஏழு கோழிகளுக்கு
மாலை நாலரை மணித் தின்பண்டம்.
காசு பாபா தருவார்.
எஜமானரை இங்கே பாபா என்கிறோம்,
என்னைவிட ஆறு வயது சின்னவர்.
டயருக்குக் கணக்குக் கேட்பார்,
புழுவுக்குக் கேட்கமாட்டார்.

மூன்றாவது வாரம்
ஒரு கைப்பிடியை நான் கோழிக்குப் போடவில்லை.

கார் கொட்டகையை ஒட்டி என் அறை.
கட்டிலுக்கடியில் ஐஸ்கிரீம் வாளி,
மூடியில் ஊசித் துளைகள்,
நாலு விரற்கடைத் தவிடு,
இரண்டு துண்டு கேரட்.
தண்ணீர் வைத்தால் செத்துப்போகும்,
கேரட்தான் தண்ணீர்.
வெளியே நாற்பத்தெட்டு டிகிரி.
ஏசி ஓடுவது எனக்கா அவற்றுக்கா என்பது
ஜூனுக்குப் பிறகு தெளிவில்லை.

இரவு விளக்கணைத்தால் வாளி பேசும்.
மழை மாதிரி என்று சொல்லலாம்.
இல்லை, யாரோ அப்பளத்தை
அவசரமே இல்லாமல் நொறுக்குகிற மாதிரி.

பிறகு வெள்ளைக் கூட்டுப்புழு.
கைகால் மடித்துக் கிடக்கும்,
தொட்டால் இடுப்பை மட்டும் ஆட்டும்.
பிறகு வெளுத்த வண்டு,
செம்பழுப்பு,
பாலிஷ் போட்ட ஷூவின் கறுப்பு.
அது இடும் முட்டை கண்ணுக்குத் தெரியாது.
தெரியாததை நம்பி
மூன்று மாதம் சும்மா இருக்கவேண்டும்.
சீட்டுக் கட்டி ஏமாந்தவனுக்கு
அது கஷ்டமில்லை.

நவம்பரில் சந்தைக்குப் போவதை நிறுத்தினேன்.
போவதாகச் சொல்வதை நிறுத்தவில்லை.
வெள்ளிதோறும் ஆறாம் வட்டச்சாலையில்
நாற்பது நிமிடம் ஓட்டி, ஒரு டீ குடித்து,
பழைய டப்பாவில் என் புழுக்களோடு திரும்புவேன்.
"மிஸ்ரி இப்போது பெரிசு பெரிசாகத் தருகிறான்"
என்றாள் தலால்.
எனக்குப் பெருமையாக இருந்தது,
சொல்லிக்கொள்ள முடியாத பெருமை.

கண்டுபிடித்தது குசுமா.
மாவு டின்னில் ஒரு வண்டு.
எப்படி அங்கே போனதோ, இன்றும் தெரியாது.
அந்த ஐஸ்கிரீம் வாளியைக்
கழுவிக் கொடுத்தவளே அவள்தான்,
நேரே வந்து கட்டிலுக்கடியில் குனிந்தாள்.
எங்களுக்குள் இருப்பது சமையலறை அரபி,
அதிலும் பாதி கை.
"நுஸ்" என்றாள். பாதி.
"ருபு" என்றேன். கால்.
மடித்த டிஷ்யூவை விரித்துக் காட்டினாள்.
வண்டு இன்னும் நடந்துகொண்டிருந்தது.
"நுஸ்" என்றேன்.

அன்றிலிருந்து உருளைத் தோல், கேரட் நுனி
அவள் முதலீடு.
சலிப்பதும் அவள்தான், என்னைவிடச் சுத்தம்.
எந்தச் சல்லடை என்பதைப் பற்றி
நாங்கள் பேசுவதில்லை.

அடுத்த ஆகஸ்ட்.
என் பங்கு முப்பது தினாரைத் தொட்டதும்
ஃபர்வானியாவில் பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்தேன்.
கீழ்வரிசை, இடது, கடைசிக்கு முந்தியது.
எங்கள் பக்கம் பூச்சிப்பல் என்போம்.
கோட்டயத்து டாக்டரம்மா விளக்கைத் திருப்பி
"புழுப்பல்லு" என்றார்.
வாய் பிளந்து கிடக்கையில் சிரிக்க முடியாது.
ஊசி இறங்கியபோது
இடுப்பு மட்டும் ஆடியது.

நாலரைக்கு முற்றத்தில் நின்றேன்,
பாதி முகம் என்னுடையதில்லை.
"பா... பா... பா..." என்று கோழிகளை அழைத்தேன்.
மரத்த உதட்டில் அது
"பாபா" என்று வந்தது.
ஏழு கோழிகளும் வந்தன.
பின்னாலேயே அவரும் வந்தார்.

டப்பாவை எட்டிப் பார்த்தார்.
"எல்லாம் விலை ஏறிவிட்டது.
ஒன்றரை இன்னும் போதுகிறதா?"

பொய் சொல்ல நாக்கு வேண்டும்.
இரண்டு விரலைக் காட்டினேன்.

சமையலறை ஜன்னலில்
பாத்திரச் சத்தம் நின்றது.