முத்தையன்கட்டில் ஒரு கோடு

நிலோஜினி, நீ அனுப்பிய பாட்டு
மூன்று நாளாய் வட்டமிட்டபடி நிற்கிறது.
லீசிங் கட்டாதவர்களின் பெயர்களோடு
நானும் வட்டமிடுகிறேன்,
ஒட்டுசுட்டான், கற்சிலைமடு, முத்தையன்கட்டு.

குளக்கட்டில் ஏறினால் ஒரு கோடு சிக்னல்.
எஞ்சினை நிறுத்தாமலே கேட்டேன்:
மட்டக்களப்புப் பெடியன்கள் நாலு பேர்,
கிற்றாருக்குப் பின்னால் ஃபான் கிறீச்சிடும் அறை.
நல்லாயிருக்கு என்று எழுத நேரமில்லை.
ஒரு "ம்" போட்டேன்.
கோபித்திருப்பாய்.

பதிலுக்கு என்னிடம் இருந்தது இதுதான்:
வெட்டு மெசின் ஓட்டும் சதாகரன்
நெல் கொட்டும் இடைவெளியில் பாடிய அரிவிப் பாட்டு.
நாலாம் அடியில் மறந்துபோய்ச் சிரிக்கிறான்.
பாதி பாட்டு, மீதி டீசல் இரைச்சல்.

மல்லாவி ஆஸ்பத்திரி. உனக்கு இரவு டியூட்டி.
மூன்று மணிக்கு அதை
மேசை லாச்சிக்குள் வைத்து மெதுவாய்ப் போட,
ஏழாம் கட்டிலில் நோவோடு கிடந்தவள்
சதாகரன் சிரித்த இடத்தில்
அடுத்த அடியை எடுத்தாளாம்,
பல்லைக் கடித்துக்கொண்டு.
நீ பயந்து நிறுத்த, ஏசினாளாம்:
"நிப்பாட்டாதேங்கோ மிஸ்ஸி,
எனக்கு இன்னும் ரெண்டு அடி தெரியும்."

அந்த ரெண்டு அடியும் இப்போதுதான் இறங்கிற்று.
நாற்பது செக்கன்.
நடுவில் யாரோ வாளி இழுக்கிறார்கள்.
மூச்சு வாங்குவதும் மெட்டுக்குள்தான் இருக்கிறது.

என்ன பிள்ளை என்று நீ எழுதவில்லை.

எட்டரைக்கு ஒரு உழவு மெசினைப்
பறித்துக்கொண்டு வரவேண்டும்.
மணி எட்டு இருபத்தெட்டு.
இன்னொருக்கால் போடுகிறேன்.