எண்பது நொடி

மேலே ஏற எண்பது நொடி,
இறங்கவும் அதே எண்பது.
வல்பராய்சோ மலைச்சரிவில்
ஒன்று ஏறினால் மற்றது இறங்கும்
இரண்டு பழைய மரப்பெட்டிகள்.
கீழே மணி அடித்தால்
உச்சிக் கூண்டிலிருந்து நான் விசையைத் தள்ளுவேன்.
அவ்வளவுதான் வேலை.
இருபத்திரண்டு வருடமாக.

மிச்ச நேரத்துக்கு ஒரு நாவல்.
செங்கல் கனம், நூற்றைம்பது வயது.
நான் மிதித்திராத பனி,
ஏறியிராத குதிரைவண்டி,
ஒரே ஒரு விருந்துக்கு நாற்பது பக்கம்.
எழுதிய ஆளுக்கு எங்கும் போகவேண்டியிருக்கவில்லை.
எனக்கும்தான்.

ஒரு சவாரிக்கு ஒரு பத்தி,
சில நாள் முக்கால் பத்தி.
வாக்கியம் பாதியில் நிற்கும்போது
மீன்கூடையோடு யாராவது வந்துவிடுவார்கள்.
சில்லறை, வணக்கம், மழை வருமா வராதா.
திரும்பி வந்தால்
மறுபாதி அங்கேயே நிற்கும்,
கையில் தொப்பியோடு.

வெங்காயம் நறுக்கும்போது
நாவலின் கர்னல் என் சமையலறைக்கு வந்து
உப்பு போதாது என்பார்.
எரிவாயு வரிசையில் நிற்கும்போது
அந்த மூன்று பெண்களின் சொத்துத் தகராறை
மனசுக்குள் நானே தீர்த்துவைப்பேன்
(மூத்தவளுக்குப் பாதி, மற்றவர்கள் வாயைப் பொத்தட்டும்).
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் எண்ணெய்க் கறை;
வறுத்த மீனுக்கு நடுவேதான்
அந்தக் கல்யாணம் நடந்தது.

ஒதிலியா பாமோந்தே, இரவுப் பணி செவிலி,
சாயங்காலம் இறங்குவாள், காலையில் ஏறுவாள்.
அவளிடமும் அதே நாவல்,
பச்சை அட்டை, இரண்டு பாகம்.
என்னைவிட முப்பது பக்கம் முன்னால்.
எதையும் சொல்லிவிடாதே என்று
கும்பிடாத குறையாகக் கேட்டிருந்தேன்.
ஒன்றே ஒன்றுதான் சொன்னாள், அந்த வைத்தியரைப் பற்றி,
ஒன்பதாம் அத்தியாயத்திலிருந்து இருமுகிறாரே, அவரைப் பற்றி:
"நான் கேட்காத இருமலா?
இது நுரையீரலில் இல்லை, நொல்பெர்த்தோ.
எழுதியவன் பேனாவில் இருக்கிறது."

ஒரு காலை, கண்கள் சிவக்க ஏறி வந்தாள்.
என் கூண்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
பச்சை அட்டைக்குள் விரல் ஒன்று
அடையாளமாய் மாட்டியிருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது.
நாவலை மூடினேன்.
நான் பக்கம் திருப்பாதவரை
அவரால் சாக முடியாது அல்லவா?
நான்கு நாள் வேறெதையெதையோ படித்தேன்:
பந்தாட்ட முடிவுகள், கப்பல் வரவு,
கிரீஸ் டப்பாவின் எச்சரிக்கை.
நான்கு நாளும் வைத்தியர்
ஓடையைத் தாண்டாமல்,
ஒரு பூட்ஸ் தண்ணீரில், ஒன்று கரையில்.
பாவம், அந்த மார்போடு.
இரவில் போர்வையை இழுக்கும்போதெல்லாம்
குற்றம் செய்தவன் போல இருந்தது.

ஐந்தாம் நாள் மூடுபனி.
துறைமுகத்தில் ஒரு கிரேன்கூடத் தெரியவில்லை.
ஆளே வரவில்லை.
ஓடையைத் தாண்டவைத்தேன்.
முப்பது பக்கம்; இருட்டும்வரை.

யாரும் சாகவில்லை.
மூன்றாம் அத்தியாயத்தில் இரவல் வாங்கிய குடையை
அந்தக் கஞ்சத் தானிய வியாபாரி
வைத்தியர் வாசலில் கொண்டுவந்து சாய்த்துவைத்துவிட்டு,
கதவைத் தட்டாமல்,
கொட்டும் மழையில் நனைந்துகொண்டே
வீட்டுக்கு நடந்தான்.
அவ்வளவுதான்.
அதற்காக நானூறு பக்கம் காத்திருந்திருக்கிறான் எழுதியவன்.

கீழே மணி அடித்தது.
மறுபடி அடித்தது.
மூடுபனிக்குள்ளிருந்து ஒருவர்
என் தாயை நினைவுகூர்ந்து கத்தினார்.
விசை எங்கே என்று
கண்ணுக்குத் தெரியவில்லை எனக்கு.

பணிக்குக் கிளம்பிய ஒதிலியா
கூண்டு ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தாள்.
"குடையா?"
"குடைதான்."

பெட்டி இறங்கியது.
அவள் இப்போது என்னைவிட
எண்பது பக்கம் முன்னால்.
இருமல் இன்னும் நின்றபாடில்லை.