கயாத்தியில் வேர் அளந்தது

ஷமால் மூன்று நாள் அடித்து ஓய்ந்த காலை
கயாத்திக்குத் தெற்கே, வேலி போட்ட காட்டுக்குள்
எழுபத்தோரு மரங்கள் சாய்ந்து கிடந்தன,
எல்லாம் தென்கிழக்கே தலைவைத்து.

காஃப் என்கிறார்கள் இங்கே.
வன்னிதான். முள்ளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.
யாரிடமும் சொல்லவில்லை.
எனக்குச் சம்பளம் அளப்பதற்கு.

குல் ஜமான் ஜேசிபியின் கையை
தூங்குகிறவன் போர்வையை இழுப்பதுபோல
மெல்ல, மெல்ல இறக்கினான்.
இருபது மீட்டர் நீளம், இரண்டு ஆள் அகலம்.
நான் டேப்போடு உள்ளே இறங்கினேன்.

முதல் பாத்தி. மரத்துக்கு மரம் ஏழு மீட்டர்.
தாராளமான இடம்.
வேர்கள் எங்குமே போயிருக்கவில்லை.
சொட்டுக்குழாயின் வாய்க்கு நேர் கீழே
தேங்காய் நார்போலச் சுருண்டு கிடந்தன.
ஆறு மணித் தண்ணீருக்கு
ஐந்தே முக்காலுக்கு வாயைத் திறந்து பழகியவை.
பக்கவாட்டில் எண்பது சென்டி, ஆழம் ஐம்பது.
இவ்வளவு சின்னக் காலில்
இவ்வளவு பெரிய உடம்பு நின்றிருக்கிறது
பதினோரு வருஷம்.

இரண்டாம் பாத்தி. மூன்று மீட்டர்.
திட்டம் வரைந்தவருக்கு நிழல் அவசரமாகத் தேவைப்பட்டிருக்கிறது.
இங்கே வேர்கள் ஒன்றையொன்று முட்டிப் பார்த்து,
அக்கம்பக்கத்தில் இடமில்லையென்று
கீழே திரும்பியிருந்தன.
"நெருக்கினால் ஆழம் போகும்" என்றார் டாக்டர் முத்தசிம்,
கார்த்தூமில் படித்த பாடம் மறக்காமல்.
ஒன்றே கால் மீட்டர் வரை அது சரியாக இருந்தது.

அதற்குக் கீழே கச்.
கடப்பாரை பட்டால் வெண்கலம்போலச் சத்தம் போடும்
சுண்ணாம்புத் தட்டு.
அதன்மேல் வேர்கள் நசுங்கி, தட்டையாகி,
கதவிடுக்கைத் தேடும் விரல்களாகப் பரவியிருந்தன.
டாக்டர் குனிந்து தொட்டார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
ஏதும் சொல்லவில்லை.

என் அறையில் பத்துப் பேர்.
இதை உவமையாக்காதே என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
நாங்கள் சம்பளத்துக்காக நெருங்கிப் படுக்கிறோம்.
வேருக்கு வேறு வழக்கு.

அப்புறம் நானூற்றுப் பன்னிரண்டு.
அதே பாத்தி, அதே மூன்று மீட்டர், அதே கச்.
ஆனால் நின்றுகொண்டிருந்தது.
இரண்டு வருஷமாக அதன் சொட்டுவாயை உப்பு அடைத்திருக்கிறது.
கவனிக்கவில்லையென்று ஷஃபிகுலுக்கு
மூன்று நாள் சம்பளம் பிடித்திருக்கிறார்கள்.
தோண்டினோம்.
கட்டைவிரல் கனத்தில் ஒரே வேர்
இரண்டு மரங்களின் அடியை ஓசையில்லாமல் கடந்து
ஆறரை மீட்டரில்
தட்டில் ஒரு விரிசலைக் கண்டுபிடித்து
உள்ளே இறங்கியிருந்தது.
எதுவரை? ஜேசிபியின் கைக்கு எட்டவில்லை.

கைதட்டலாம் என்று தோன்றிய நேரம்
டாக்டர் அடுத்த வரிசையைக் காட்டினார்.
சொட்டு அடைபட்ட மற்ற ஒன்பதும்
விறகாகி எத்தனையோ நாள் ஆகியிருந்தது.
"அதையும் எழுதுங்கள்."
எழுதினேன். ஒன்பது. சின்ன எழுத்தில் இல்லை.

பன்னிரண்டரைக்கு வெயில் விடுப்பு.
அதற்குள் குழியை மூட வேண்டும்.
ஷஃபிகுல் ஈரச்சாக்கை அந்த ஒற்றை வேரின்மேல் சுற்றிவிட்டு
என் பலகையை எட்டிப் பார்த்தான்.
பரிந்துரைகள்: இடைவெளி ஐந்து மீட்டர்.
நடும் முன் தட்டை உடைக்கவும்.
தண்ணீர் அரிதாக, ஆனால் ஆழமாக.
வருஷம் ஒருமுறை சொட்டுவாயைத் தள்ளி வைக்கவும்.

"அந்த மூன்று நாள் திரும்பி வருமா, பாய்?" என்றான்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
'மற்றவை' என்ற இடத்தில் எழுதினேன்:
மரம் 412. சொட்டு அடைப்பு.
ஷஃபிகுல் இஸ்லாம், மூன்று நாள்.
அதன் கீழே கோடு போட்டேன்,
பேனா அழுந்தி மறுபக்கம் தெரிகிற அளவுக்கு.